வேலியோரத்து டேங்க்

லாடி பெட்ராசெக்குக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். மென்றுகொண்டே போனைப் பார்ப்பார், போனைப் பார்த்துக்கொண்டே பூட்ஸை மாட்டுவார். மாதா கோவிலில் பிரசங்கத்துக்கு நடுவே எழுந்து வெளியே போய் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு வராவிட்டால் அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. அவர் மனைவி கான்னி ஆரம்பத்தில் சண்டை போட்டாள், பிறகு கெஞ்சினாள், அறுபது வயதை நெருங்கும்போது கிண்டலோடு நிறுத்திக்கொண்டாள். "உனக்கு நாற்காலி வாங்கினதே தண்டம். செவுத்துல ஒரு தொட்டி கட்டி வச்சிருந்தா குதிரை மாதிரி நின்னுக்கிட்டே தின்னுருப்ப" என்பாள்.

இந்தக் கால் தரிக்காத குணத்தால் யாருக்காவது லாபம் உண்டென்றால் அது உரம் வாங்கும் விஷயத்தில்தான். நெப்ராஸ்காவின் எங்கள் பக்கத்தில் மக்காச்சோளம் போடுகிறவன் எதை மறந்தாலும் நைட்ரஜனை மறக்க முடியாது. அந்தத் திரவ உரத்தின் விலையோ ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் இருக்காது. கோடை முடிந்ததும் சரியும், வசந்தம் வந்தால் ஏறும், நடுவில் எங்கோ ஒரு ஆலை நின்றாலும் துள்ளும். மற்றவர்கள் சொசைட்டிக்காரன் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். லாடி மட்டும் அறுவடை எந்திரத்தின் மேல் உட்கார்ந்தபடியே ஒரு வியாபாரிக்குப் போன் போட்டு அவனிடம் இன்னொரு வியாபாரியின் விலையைச் சொல்லி, அவன் திட்டியதும் சிரித்துக்கொண்டே மூன்றாமவனைக் கூப்பிடுவார். கடைசியில் அவர் வாங்குகிற விலைக்கு ஊரில் யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஆனால் லாரி நிறைய வாங்கினால்தான் அந்த விலை. ஒரு லாரி உரம் ஒரு வீட்டுக்கு அதிகம். அதனால் இளவட்டமாக இருந்தபோதே லாடியும் பக்கத்து நிலத்து ராய்ஸ் கோட்டஸும் சேர்ந்து வேலியோரத்தில் ஒரு பெரிய டேங்க் நிறுத்தினார்கள். வாங்குவது லாடி, காப்பது ராய்ஸ். யாரும் பேசி முடிவு செய்யவில்லை, தானாக அமைந்தது. ராய்ஸைப் போல நிதானமான மனிதரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்வதற்குள் லாடி இரண்டு வேலை முடித்துவிட்டு வருவார்.

அந்த டேங்குக்கு அப்படி ஒரு ஆள் தேவைப்பட்டது. வியாபாரிகள் விற்பது 'முப்பத்திரண்டு', அதாவது நூற்றுக்கு முப்பத்திரண்டு பங்கு நைட்ரஜன் உள்ள கெட்டிச் சரக்கு. தண்ணீருக்கு லாரி வாடகை கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் கெட்டிச் சரக்கு எங்கள் பனியைத் தாங்காது. குளிர் இறுகியதும் உப்பாகப் பிரிந்து அடியில் படிந்து கல்லாகிவிடும். ஐந்து பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்து 'இருபத்தெட்டு' ஆக்கிவிட்டால் குளிர்காலம் முழுக்கக் கவலையில்லை. ஒரே சங்கடம், உரம் கனம், தண்ணீர் லேசு. ஊற்றிய தண்ணீர் மேலேயே மிதக்கும். பம்பைப் போட்டு அடியிலிருந்து உறிஞ்சி மேலே கொட்டி, மறுபடி உறிஞ்சி மறுபடி கொட்டி, காலையிலிருந்து இருட்டும்வரை சுற்றவிட வேண்டும். ஒவ்வொரு நவம்பரிலும் ராய்ஸ் தன் பம்பைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பைகளில் கைகளை நுழைத்துக்கொண்டு, டேங்க் பக்கத்தில் சும்மா நிற்பார். லாடி வண்டியில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கத்துவார்: "டேய், போதும்டா! சூப்பா வைக்கிற?" ராய்ஸ் கையை மட்டும் அசைப்பார்.

ஆகஸ்டில் ஒரு காலை ராய்ஸ் மாடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு வந்து சமையலறைப் படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடக்கம் முடிந்த சாப்பாட்டின்போது அவர் மனைவி லோர்னா, தட்டைக்கூட கீழே வைக்காமல், "நானே பயிர் வைக்கப்போறேன்" என்று அறிவித்தாள். சிலர் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். ராய்ஸின் தங்கை மார்லா தலையாட்டவில்லை. ராய்ஸ் உழுத பெரிய வயல் மார்லாவின் பாகத்தில் வந்தது. லிங்கன் நகரத்தில் உட்கார்ந்து குத்தகை வாங்கிக்கொள்கிறவள் அவள். "அண்ணனுக்காகத்தான் இவ்வளவு நாள் குறைஞ்ச குத்தகைக்கு விட்டேன். ஒரு போகம் பாக்கறேன் லோர்னா. அவன் எடுத்த மாதிரி எடுத்தா நிலம் உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா வேற ஆளப் பாப்பேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அந்த வயல் போனால் லோர்னாவிடம் மிஞ்சுவது வீட்டையும் தொழுவத்தையும் சுற்றி உள்ள புல்தரைதான்.

நவம்பர் வந்தது. அந்த வருடம் லாடி வழக்கத்தைவிட அதிகமாக அலைந்தார். லோர்னாவின் பங்குக்கும் சேர்த்து வாங்குகிறோம், ஒரு சல்லிக்காசு அதிகம் போகக் கூடாது என்று அவருக்கு ஒரு வெறி. போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கடைசியில் நல்ல விலைக்கு மடக்கினார். லாரி வந்து உரத்தை டேங்கில் இறக்கிவிட்டுப் போனது. தண்ணீரையும் ஊற்றியாயிற்று. பம்புக்காக லோர்னாவின் கொட்டகைக்குப் போனார். அவளே அதைத் துடைத்து வைத்திருந்தாள்.

மாட்டினார், ஓட்டினார், நின்றார். பம்பு குடுகுடுவென்று ஓடியது. செய்ய வேறு வேலை இல்லை. டேங்கை ஒட்டி ஓர் இடத்தில் மட்டும் புல் முளைக்காமல் மண் கெட்டித்துக் கிடந்தது. இத்தனை வருடம் ராய்ஸ் நின்று நின்று தேய்த்த இடம். லாடி அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார். போனை எடுத்தார், வைத்தார். 'சூப்பா வைக்கிற' என்று தான் கத்தியது காதிலேயே கேட்டது. அரை மணி நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு பம்பை நிறுத்திக் கழற்றி, வண்டியில் போட்டு, "ஆச்சு லோர்னா, கலக்கியாச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோயா கிடங்கைக் கூட்ட ஆரம்பித்தார். ஏற்கெனவே கூட்டிய கிடங்கு அது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே குளிர் கடுமையாக இறங்கியது. ஒரு காலை லாடி ஸ்பானரால் டேங்கின் அடிப்பக்கத்தைத் தட்டினார். சத்தம் சுவரைத் தட்டியது போல மொத்தென்று வந்தது. வால்வைத் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. ஏணியில் ஏறி மேல் மூடியைத் திறந்தார். பனிக்கட்டி. மேலே ஊற்றிய தண்ணீர் மேலேயே உறைந்திருந்தது, கீழே உரம் உப்பாகிக் கிடந்தது. இறங்கி வந்து சுற்றுமுற்றும் பார்த்தார், யாரும் பார்த்துவிட்டார்களோ என்று. மைல் கணக்கில் வெறும் வயல்தான் இருந்தது.

வெயில் வந்ததும் சரிசெய்துவிடலாம், அதற்குள் இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதோடு நின்றிருந்தால் அது வெறும் தவறாகப் போயிருக்கும். ஆனால் ஜனவரியில் மார்லா போன் செய்தாள்.

"லாடி, சுத்தி வளைக்க மாட்டேன். லோர்னாவால முடியும்னு எனக்குத் தோணல. இந்தப் போகம் சரியா வரலன்னா வயல நீங்க எடுத்துக்கறீங்களா? உங்க வேலிக்குப் பக்கம்தானே."

அந்த வயலை லாடி எத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்! ஓடை ஓரத்துக் கறுப்பு மண், மேடு பள்ளம் இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் என்னவோ, "பாக்கலாம் மார்லா" என்றது.

அன்றிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. வீட்டில் எல்லாத் திருகாணிகளையும் இறுக்கினார். இறுக்கியதைத் தளர்த்தி மறுபடி இறுக்கினார். தேவையே இல்லாமல் டவுனுக்குப் போய் வந்தார். டேங்க் சரியில்லை, அது லோர்னாவுக்குத் தெரியாது, அவள் தோற்றால் நிலம் தனக்கு. இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த மடையனும் என்ன சொல்வான்? சரியாகக் கலக்காதது தவறு என்றா சொல்வான்? திட்டம் போட்டுக் கவிழ்த்தான் என்பான். தனக்கே சில சமயம் அப்படித் தோன்றியபோதுதான் அவர் உண்மையிலேயே பயந்தார்.

இதற்கு நடுவில் உர விலை பிய்த்துக்கொண்டு ஏறியது. பிப்ரவரிக்குள் இரண்டு மடங்கு. சொசைட்டியில் காபி குடிக்க வருகிறவர்கள் லாடியைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். "மனுஷனுக்கு மோப்பம் இருக்குய்யா. அடிமாட்டு விலைக்கு அமுக்கிட்டாரு!" என்று முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் லாடி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். லோர்னா கசகசா வைத்த கொலாச்சி பன் ஒரு தட்டு நிறைய செய்து கொண்டுவந்தாள். "நீ இல்லன்னா இந்த வருஷம் என் கதி என்ன லாடி? இந்த விலைக்கு நான் எங்க போய் வாங்குவேன்?" என்றாள். அவள் போகும்வரை அவர் நின்ற இடத்திலேயே தின்றுகொண்டிருந்தார். அவர் ஓர் இடத்தில் நின்று தின்றதே கான்னிக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்ல."

"லாடி, உன் மூஞ்சில அப்படியே எழுதி ஒட்டியிருக்கு. சொல்றியா, நானே லோர்னாகிட்ட கேக்கட்டுமா?"

சொன்னார். எல்லாவற்றையும், மார்லாவின் போனையும் சேர்த்து. கான்னி அடுப்பை அணைத்தாள். "நீ கெட்டவன் இல்ல. ஆனா இன்னும் ஒரு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்தா கெட்டவனாயிடுவ. கோட்ட மாட்டு" என்றாள்.

லோர்னா கொட்டகையில் விதைக்கும் எந்திரத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. லாடி வாசலில் நின்றே ஆரம்பித்தார்.

"லோர்னா, டேங்க் உறைஞ்சு போச்சு. அடியில உப்பு, மேல ஐஸ்."

"எப்படி? நீதான் கலக்கினியே."

"அரை மணி நேரம் ஓட்டினேன். அவ்வளவுதான்."

"ராய்ஸ் நாள் பூரா ஓட்டுவான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அவன் நின்ன எடத்துல என்னால நிக்க முடியல."

லோர்னா கிரீஸ் பம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு மட்டும் முடியுதா? அவன் படுத்த கட்டில்லதான் நான் படுக்கறேன். அவன் கப்புலதான் காபி குடிக்கறேன். நான் என்ன, வீட்டக் கொளுத்திட்டு ஓடிட்டேனா?"

லாடி வாசலில் கிடந்த ஒரு போல்ட்டைக் காலால் உருட்டினார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி."

"அப்ப நான் கொலாச்சி கொண்டாந்தப்போ..."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் தின்ன."

"தின்னேன்." பிறகு, எப்படியும் அடி விழப்போகிறது, மொத்தமாக விழட்டும் என்று நினைத்து, "இன்னொண்ணும் இருக்கு. மார்லா போன் பண்ணா. நீ சரியா எடுக்கலன்னா வயல எனக்குத் தரேன்னா" என்றார்.

"நீ என்ன சொன்ன?"

"பாக்கலாம்னேன்."

அவள் கொஞ்ச நேரம் கைகளைத் துணியில் துடைத்தாள், கறை போகவில்லை, துடைத்துக்கொண்டே இருந்தாள். "எது முதல்ல? டேங்க்கா, போனா?"

"டேங்க்."

"அத நான் எப்படி நம்பறது?"

"நம்பறதுக்கு என்கிட்ட எதுவும் இல்ல லோர்னா."

"வெளிய போ" என்றாள்.

போனார். கான்னியிடம் கூடப் பேசாமல் முற்றத்தில் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நாற்பது வருட சிநேகம் போய்விட்டது என்று முடிவே செய்துவிட்டார். ஏப்ரலில் வெயில் ஏறிய முதல் வாரம் வேலியோரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. லோர்னா பம்பை இறக்கிக்கொண்டிருந்தாள். மன்னிப்பும் இல்லை, விசாரிப்பும் இல்லை. "வெந்நீர் வேணும். கொண்டா" என்றாள்.

மேல் மூடி வழியாக வெந்நீர் ஊற்றினார்கள். நீளக் கம்பியால் உப்பைக் குத்தினார்கள். கரைந்த மட்டும் உறிஞ்சி மேலே கொட்டினார்கள். கரையக் கரைய உரம் தானே குளிர்ந்தது, குளிர்ந்ததும் கரைவது நின்றது, மறுபடி வெந்நீர். லாடி ஹோஸைப் பிடித்தார், விட்டார், ஏணியில் ஏறினார், இறங்கினார், வால்வைத் தடவினார்.

"ஒரு எடத்துல நில்லு. எனக்குத் தலை சுத்துது" என்றாள் லோர்னா.

நின்றார். கால்கள் குறுகுறுத்தன, தோள் வலித்தது, ஆனாலும் நின்றார். மறுநாளும் நின்றார், அதற்கடுத்த நாளும் நின்றார். ராய்ஸ் ஏன் அப்படி நின்றார் என்று அப்போதுதான் புரிந்தது. பம்பு எப்போது காற்றை இழுக்கிறது, எப்போது கட்டியில் மோதுகிறது என்பதெல்லாம் காதில் விழவேண்டுமென்றால் ஆள் அங்கேயே இருந்தாக வேண்டும்.

சத்து எவ்வளவு தேறியது என்று பார்க்க ஒரு கேலன் புட்டியில் பிடித்து கான்னியின் சமையலறைத் தராசில் வைத்தார்கள். சரியான இருபத்தெட்டு என்றால் பத்தரை பவுண்டுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். முள் அங்கேயே நின்றது. "அந்தத் தராசுல இனிமே நான் மாவு நிறுக்க மாட்டேன், புதுசு வாங்கிக் குடுங்க" என்றாள் கான்னி. யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் நல்லதாகத் தேறியது பாதி டேங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மீதி அடியில் பாறையாகவே கிடந்தது. விதைப்போ தலைக்கு மேல் வந்துவிட்டது.

"தேறினது பூரா உன்னது" என்றார் லாடி.

"ஆமா. என்னதுதான்" என்றாள் லோர்னா.

லாடி தனக்காக வியாபாரிகளுக்குப் போன் போட்டார். முன்கூட்டி எழுதிவைத்தவர்களுக்கே சரக்கு இல்லை என்றான் ஒருவன். "நீங்கதான் போன வருஷமே அள்ளிட்டீங்களே, உங்களுக்கு எதுக்கு?" என்று சிரித்தான் இன்னொருவன். சொசைட்டியில் கெஞ்சிக் கொஞ்சம் வாங்கியதைத் தூரத்து வயல்களுக்கு வைத்தார். சாலையோரத்து வயலுக்கு, மார்லாவின் வயலை ஒட்டி இருந்த வயலுக்கு, ஒன்றும் மிஞ்சவில்லை.

ஜூலையில் அந்த வயலில் அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சளாயின. வேலிக்கு அந்தப் பக்கம் லோர்னாவின் சோளம் கரும்பச்சையாக ஆளுயரம் தாண்டி நின்றது. ஊர் முழுக்க அந்தச் சாலையில்தான் போகவேண்டும். "என்ன லாடி, உன் சோளத்துக்கு மஞ்சள் காமாலையா? டாக்டர்கிட்ட காட்டினியா?" "மலிவா வாங்கினாருன்னாங்களே, அது வெறும் தண்ணிதான் போல!" காபி மேசையில் ஒருவர் விடாமல் வாரினார்கள். லாடி அங்கே போவதை நிறுத்திவிட்டார். லோர்னா அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

ஜூலைக் கடைசியில் மார்லா காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். லோர்னா அவளை வயலோரம் அழைத்துப் போய்க் காட்டிக்கொண்டிருந்தாள். லாடி தன் பக்கம் வேலி இறுக்கிக்கொண்டிருந்தார். மறைய இடமில்லை.

மார்லா ஒரு கதிரை உரித்து மணிகளைத் தடவிப் பார்த்தாள். "அண்ணன் போட்ட மாதிரியே இருக்கு" என்றாள் மெதுவாக. பிறகு வேலிக்கு இந்தப் பக்கம் திரும்பினாள். "இந்த மஞ்சள் யாரோடது?"

"என்னோடது" என்றார் லாடி.

"உங்களதா? உரம் வாங்கறதுல உங்கள மிஞ்ச ஆளில்லன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பானே?" அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மஞ்சள் வரிசைகளைக் கடைசிவரை பார்த்தாள். "அப்ப என் வயல உங்ககிட்ட குடுத்திருந்தா, அதயும் இப்படித்தான் வச்சிருப்பீங்களா?"

லோர்னா லாடியைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிடத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கலாம். உரம் முழுக்க அந்தப் பச்சைக்குப் போய்விட்டது என்று சொன்னால் போதும், போன மானம் அப்படியே திரும்பி வந்திருக்கும். கூடவே லோர்னா தனியாகச் செய்ததில்லை என்ற எண்ணமும் மார்லாவின் தலையில் ஏறியிருக்கும்.

"ஆமா மார்லா. இப்படித்தான் வச்சிருப்பேன்" என்றார்.

"நல்லவேள தப்பிச்சேன்" என்றாள் மார்லா. லோர்னாவின் தோளைத் தட்டி, குத்தகைப் பத்திரத்தை அடுத்த வாரமே அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

லாடி மறுபடி வேலிக் கம்பியை முறுக்க ஆரம்பித்தார். லோர்னா போகவில்லை. கம்பத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்திரண்டு இப்ப என்ன விலை போகுது?"

"இறங்கிட்டு இருக்கு" என்றார் லாடி, நிமிராமல். "இன்னும் இறங்கும்."

"வாங்கறப்போ ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கு" என்றாள் லோர்னா. "ஆனா தண்ணி கலக்கற அன்னிக்கு மட்டும் நீ இந்தப் பக்கமே வராத. நான் நிக்கறேன்."